நெல் மூடை ஏறாத மதிப்புரை

மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மேற்குப் புறமாகத் திரும்பினால் மல்லாவி வரும். வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர். காலபோக அறுவடை முடிந்திருந்த ஒரு பகற்பொழுதில், அங்குள்ள கராஜ் ஒன்றில் எனது வாகனத்தின் ரயர் ஒட்டுவதற்காகக் காத்திருந்தேன். வாங்கிலில் ஒரு ஞாயிறு பத்திரிகையின் இணைப்பிதழ் கிடந்தது. அதன் வாகனப் பக்கத்தில் சிறிய சுமையேற்றும் வண்டியொன்றைப் பற்றிய மதிப்புரை. கராஜில் வேலை பழகும் இளைஞன் அதனை உரக்க வாசிக்க, தங்கள் வண்டிகளைத் திருத்தக் கொண்டுவந்திருந்த நால்வர் கேட்டுக்கொண்டிருந்தனர்.

வண்டி குழிகளில் துள்ளுகிறது, இயந்திரத்தின் இரைச்சல் அதிகம், இருக்கை முதுகுக்கு இதமாக இல்லை என்பன மதிப்புரையாளர் கண்ட குறைகள். முகப்பின் தோற்றத்தை மட்டும் பாராட்டியிருந்தார். வாசித்து முடிந்ததும் ஓரமாக இருந்த முதியவர் கேட்டார்.

"தம்பி, உதை எழுதினவர் வண்டியிலை என்னத்தை ஏத்திப் பாத்தவராம்?"

"ஒண்டும் ஏத்தேல்லைப் போலை கிடக்கு, அப்பு."

அங்கிருந்தவர்கள் சிரித்தனர். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளை நெருங்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி என்னிடமே கேட்கப்பட்டதாகத் தோன்றிற்று.

முதியவரின் கேள்வியில் நல்ல பொறியியல் இருக்கின்றது. சுமை வண்டியின் பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள் பாரத்தைக் கருதியே அமைக்கப்படுகின்றன. வெறும் வண்டியாக ஓட்டினால் அவை வளைந்து கொடுக்கமாட்டா. வண்டி துள்ளத்தான் செய்யும். மூடைகளை ஏற்றியதும் அதே வண்டி அடங்கிப்போய் ஓடும். வெறும் வண்டியை ஓட்டிவிட்டுத் துள்ளுகிறது என்று எழுதுவது, உழாத மாட்டைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு அதன் நடையைக் குறை சொல்வது போன்றது.

பிக்கப் என்றால் வன்னியில் உடனே நினைவுக்கு வருவது டபுள் கப். 2002 இல் ஏ-9 திறக்கப்பட்ட பின்னர் தொண்டு நிறுவனங்களும், 2009 இன் பின்னர் திணைக்கள அதிகாரிகளும் அதிலேயே வந்திறங்கினர். விவசாயியின் பிக்கப் 'பட்டா'தான். டாடா நிறுவனம் 2005 மே மாதம் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஏஸ் வண்டியே இங்கு டிமோ பட்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தமிழகத்தில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். சிங்களத்தில் 'பட்டா' என்பது குள்ளனைக் குறிக்கும் சொல். யானையும் குள்ளனும் ஒரே வண்டி என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்க கால ஏஸில் இருந்தது 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டர் டீசல் இயந்திரம். வலு 16 குதிரை. ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ.

இந்த 750 கிலோ என்பதை நெல் மூடைக்கணக்கில் பார்ப்போம். ஒரு மூடை எழுபது கிலோ என்று கொண்டால் பத்து மூடையுடன் கணக்கு முடிந்துவிடும். அன்று கராஜில் நின்ற வண்டியின் சொந்தக்காரரோ பதினெட்டு மூடை ஏற்றுவதாகச் சொன்னார். ஏறத்தாழ ஆயிரத்து இருநூற்றறுபது கிலோ. அதற்காகவே பின்பக்கத்தில் மேலதிகமாக ஒரு தகடு போட்டிருக்கிறார். பிரேக் மட்டும் கம்பனி கொடுத்தபடியே இருக்கின்றது. இதைச் சுட்டிக்காட்டியபோது, "நாங்கள் வேகமா ஓடுறேல்லைத்தானே, ஐயா" என்றார். மதிப்புரையாளர் அறியாத உண்மைகள் சொந்தக்காரருக்குத் தெரியும் என்பது மெய்யே. எனினும், அவர் அறிந்தும் பேச விரும்பாத உண்மைகளும் உள.

வாகனத்தை அறிவதில் வன்னி மக்களுக்கு நிகராக வேறெவரையும் நான் கண்டதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலும் டீசலும் காணக்கிடைக்காத பொருள்களாயின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்து, மிகுதித் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின் கார்களை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'ரொப் கியர்' நிகழ்ச்சி 2003 இல் ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பைக் கடல்நீரில் அமிழ்த்தியும், தீ வைத்தும், இடிக்கப்படும் கட்டடத்தின் உச்சியில் ஏற்றியும் சோதித்தது. ஒவ்வொரு தடவையும் அது மீண்டும் இயங்கியதை உலகமே வியந்து பார்த்தது. அப்படிப்பட்ட சோதனைக்கு எங்கள் மெக்கானிக்குகள் ஒளிப்படக்கருவி எதுவுமின்றிப் பத்தாண்டு காலம் முகங்கொடுத்தவர்கள்.

2008 இல் மல்லாவி மக்கள் ஊரைவிட்டுக் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, கூரைத் தகரமும் கதவு நிலைகளும் நெல்லும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறின. அந்த உழவு இயந்திரங்களும் வண்டிகளும் ஒவ்வொரு இடப்பெயர்விலும் குறைந்து குறைந்து, எஞ்சியவை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டன. அன்று கேள்வி கேட்ட முதியவரும் தமது உழவு இயந்திரத்தை அங்கு விட்டுவிட்டு வந்தவர்தான். அவருக்கு வண்டி என்பது பதினைந்து ஆண்டு உழைப்பு. போனால் போனதுதான். அப்படிப்பட்டவரிடம் மூன்று நட்சத்திரம் நான்கு நட்சத்திரம் என்று பேசுவது எப்படியிருக்கும் என்பதை எழுதுபவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்தப் பிணக்கு எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஹொண்டா நிறுவனத்தின் ரிட்ஜ்லைன் பிக்கப்பை மோட்டார் ட்ரெண்ட் சஞ்சிகை 2006 ஆம் ஆண்டின் சிறந்த பிக்கப்பாகத் தெரிவு செய்தபோது, தனிச் சட்டகமில்லாத அதனை ட்ரக் என்று சொல்லலாமா எனப் பழைய பிக்கப்காரர்கள் எள்ளி நகையாடினர். ஆனால் அது பெரும்பாலும் கௌரவச் சண்டை. மல்லாவியில் நடப்பது வயிற்றுப்பாட்டுச் சண்டை. தவணைப் பணம் இரண்டு மாதம் பிந்தினால் லீசிங் கம்பனி ஆட்கள் வண்டியை இழுத்துப்போக வாசலில் நிற்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2025 இல் வாசல் மீண்டும் திறக்கும்வரை, பழைய பட்டாவுக்கும் புதிய வண்டியின் விலை சொன்னார்கள். வாங்க முடியாத புதிய வண்டிகளின் மதிப்புரைகளை அக்காலத்தில் வாசித்தவர்கள், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற ஒரு வரியையே தேடினார்கள். அது எந்த மதிப்புரையிலும் இருக்கவில்லை.

இனி எனது பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஏ-9 திறந்த சில காலத்தில், கொழும்பில் ஒரு வாகன நிறுவனம் பத்திரிகையாளரை அழைத்துப் புதிய சுமை வண்டியொன்றைக் காட்டியது. காலி முகத்திடலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். மதிய உணவு மிக நன்றாக இருந்தது. அரைப்பக்கம் எழுதினேன், பக்கத்தின் மறுபாதியில் அதே நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, அக்கட்டுரையை நம்பி அந்த வண்டியை வாங்கிய வன்னி வாசகர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. திட்டியிருக்கவில்லை. கட்டுரையில் ரேடியேற்றரைப் பற்றி ஒரு வரியும் காணவில்லையே என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

பத்திரிகைகள் வாகனப் பக்கத்தை நடத்துவதாயின் நடத்தட்டும். ஆனால் சுமை வண்டியைப் பற்றி எழுதுமுன் அதில் கம்பனி சொன்ன பாரத்தை ஏற்றி, கிரவல் வீதியில் ஒரு நாளாவது ஓட்டவேண்டும். மூன்று வருடம் ஓட்டிய ஒருவரைத் தேடிப்பிடித்து, செலவுக் கொப்பியை வாங்கிப் பார்க்கவேண்டும். அவர் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டால் போதாது. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய வண்டியைக் கூடாது என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

அன்றும் அதுவே நடந்தது. பதினெட்டு மூடைக்காரர் தமது பட்டாவைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மெக்கானிக்கிடம் விசாரித்தேன். அந்த வருடம் கிளட்ச் வேலைக்காக அது கராஜுக்கு வந்தது மூன்றாம் தடவையாம். திரும்பி வந்தவரிடம் இதைப்பற்றி எழுதலாமா என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப எழுதாதேங்கோ, ஐயா. நான் உதை விக்கிற யோசினையிலை இருக்கிறன்."