கண்டுபிடிப்பு புதுச்சேரியில், கணக்கு டெல்லியில்!

ஒவ்வொரு வருடமும் காப்புரிமை அலுவலகம் ஆண்டறிக்கை வெளியிடும். எந்த மாநிலம் எத்தனை விண்ணப்பம் போட்டது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். 2022-23ல் நாடு முழுக்க 82,811 விண்ணப்பங்கள். மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. உடனே கைதட்டல். புதுச்சேரி? அது பட்டியலின் கீழே எங்கேயோ கிடக்கும். "சின்ன ஊர், இங்கே யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்று கதை முடிந்துவிடும்.

முடியக்கூடாது. ஏனென்றால் அந்தப் பட்டியல் எண்ணுவது மூளையை அல்ல, முகவரியை!

1975ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் (வி.சி.ஆர்.சி.). கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியாவில் உள்நாட்டு ரகம் ஒன்றை வைத்து இங்கே மருந்து தயாரித்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் பல கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஆனால் இந்த மையம் ஐ.சி.எம்.ஆருக்குச் சொந்தம், அதன் கண்டுபிடிப்புகளின் உரிமையும் ஐ.சி.எம்.ஆருக்கே. தலைமையகம்? புது டெல்லி.

காரைக்குடி கதையும் இதேதான். மின்வேதியியல் ஆய்வகத்தில் (செக்ரி) ராப்பகலாக உழைப்பவர் காரைக்குடிக்காரர், விண்ணப்பதாரர் டெல்லி சி.எஸ்.ஐ.ஆர்.

போனால் போகிறது, வெறும் எண்தானே என்கிறீர்களா? நிதி ஆயோக்கின் புதுமைக் குறியீட்டில் காப்புரிமையும் ஓர் அளவுகோல். அதில் புதுச்சேரியும் டெல்லியும் ஒரே பிரிவு. 2020 குறியீட்டில் அந்தப் பிரிவின் முதலிடம் டெல்லிக்கு! தலைமை அலுவலகங்களை மடியில் வைத்திருக்கும் ஊரோடு ஓட்டப்பந்தயம். என்ன நியாயம் இது? 'பின்தங்கிய ஊர்' என்ற முத்திரை விழுந்தால் முதலீடு தயங்கும், படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவார்கள்.

முகவரியைத் திருத்திவிட்டால் எல்லாம் சமமாகிவிடாது, உண்மை. பெரிய கம்பெனிகள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. ஆன்லைனில் தனிநபர் விண்ணப்பம் போட 1,600 ரூபாய் போதும், கிண்டி அலுவலகத்துக்கு அலையவும் வேண்டாம். பணம் கரைவது வேறு இடத்தில். கண்டுபிடிப்பைச் சட்டத்தின் மொழியில் எழுதித்தரும் காப்புரிமை ஏஜெண்டுக்குத்தான் பெரிய செலவு. அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில்!

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, புதுச்சேரி அரசு தன் செலவில் ஏஜெண்டுகளை அமர்த்தி, பட்டறைக்காரரும் மாணவரும் நேரே போய்க் கேட்க ஓர் இடம் திறக்கட்டும். இரண்டு, ஆண்டறிக்கையில் கண்டுபிடிப்பாளரின் ஊர் என்று இன்னொரு பத்தி சேரட்டும். புதிதாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தின் முதல் படிவத்திலேயே கண்டுபிடிப்பாளர் முகவரி கேட்கிறார்கள்.

கேட்டு வாங்கிய தகவலை எண்ணிப் பார்க்க என்ன தயக்கம்?