ரவுட்டருக்கும் காலாவதித் திகதி போடுங்கள்



2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஸூம் வகுப்புக்காக எமது ஊரில் பல வீடுகளுக்குச் சிம் போடும் கையடக்க ரவுட்டர் வந்தது. நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் பழையதை வாங்கியவர்களும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ரவுட்டர் மட்டும் அதே மேசையில் எரிந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் ஆசிரியர் அறையில் அப்படியொன்றின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தோம். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே இருந்த மென்பொருள் 2018 ஆம் ஆண்டுக்குரியது. அப்டேட் தேடினால் "புதிய பதிப்பு இல்லை" என்றது. அதைப் படித்து எல்லாம் சரி என்று நிம்மதி அடைவோம். தயாரித்த நிறுவனம் அந்த மொடலைக் கைவிட்டிருந்தாலும் அதே வசனம்தான் வரும்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த டெஃப் கொன் மாநாட்டில், பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இசட்.ரி.ஈ, நெட்கியர், ரி.பி. லிங்க் ஆகியவற்றின் 4ஜி ரவுட்டர்களில் இருந்த ஓட்டைகளை வெளியிட்டார். இசட்.ரி.ஈ எம்.எஃப் 910 மொடலில், நாம் ஒரு தீய இணையப் பக்கத்தைத் திறந்தாலே ரவுட்டர் அடுத்தவன் கைக்குப் போய்விடும். நிறுவனம் சொன்ன பதில்: அந்த மொடலின் காலம் முடிந்துவிட்டது, திருத்தமாட்டோம்.

அப்படி உள்ளே நுழைந்தவன், நாம் வங்கியின் முகவரியைச் சரியாக டைப் செய்தாலும் போலிப் பக்கத்துக்கு அனுப்ப முடியும். பெரும்பாலும் பிரவுசர் எச்சரிக்கும். படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நட்டம் நம்மோடு நிற்பதும் இல்லை. 2016 இல் மிராய் என்ற நச்சுநிரல், பாஸ்வேர்ட் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அவற்றைக் கொண்டே டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. எங்கோ ஒரு வீட்டு மேசையில் இருந்த பெட்டி, வீட்டுக்காரருக்கே தெரியாமல் அடுத்தவருக்கு அநியாயம் செய்தது.

"பழசை எறிந்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்று சொல்வது லேசு. மின்கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்திடம் அதைச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பொறுப்பு முதலில் விற்பவருடையது. பால்மா பக்கற்றில் காலாவதித் திகதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கும் ரவுட்டர் பெட்டியில் ஏன் இல்லை? பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்பதை அறிவிப்பது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்பதும் அங்கே தடை. எமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை கடைக்காரரிடம் நாமே கேட்போம்: "இதற்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்?" பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

இன்றே செய்யக்கூடியவை:

▪️ வைபை பாஸ்வேர்ட் வேறு, செட்டிங்ஸைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.
▪️ அப்டேட் இருந்தால் போடுங்கள்.
▪️ பழையது வாங்கினால் முதலில் ரீசெட் செய்யுங்கள்.
▪️ நிறுவனம் கைவிட்ட மொடல் என்றால், வங்கி வேலையை அதில் செய்யாமல் போனின் சொந்த டேட்டாவில் செய்யுங்கள்.

எப்படிச் செய்வதென்று தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பாடசாலை விட்ட பிறகு ரவுட்டரைக் கொண்டு வாருங்கள். எமது உயர்தர மாணவர்களோடு சேர்ந்து இலவசமாகவே பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.