காலாவதிக் கடனும் கையொப்பமும்

தகப்பனார் காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, உறவினரெல்லாம் விடைபெற்றுச் சென்றபின், மடிப்பு மடிப்பாக விண்டுபோன ஒரு புரோநோட்டை எடுத்துக்கொண்டு யாரேனும் ஒருவர் திண்ணையில் வந்து அமர்வது நம் கிராமங்களில் புதிய காட்சியன்று. இன்று திண்ணையின் ஸ்தானத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் எந்த வங்கியிலோ வாங்கி மறந்த கார்டுக் கடனை, அக்கடனை விலைக்கு வாங்கிய வேறொரு கம்பெனியின் பெயரால், முன்பின் அறியாத ஒரு குரல் அதட்டிக் கேட்கிறது. வேஷம் மாறினாலும் இருவரும் நம்பி வருவது ஒன்றையே. கடன் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் மானமுள்ளவனுக்கு உண்டாகும் கூச்சம் அது.

அந்தக் கூச்சத்தை ஒரு கணம் ஒதுக்கிவைத்துச் சட்டத்தைப் பார்ப்போம். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஈடில்லாமல் கொடுத்த கடனுக்கு வழக்குத் தொடுக்க மூன்று வருஷமே தவணை. கேட்டபோது தருவதாக எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்கு அத்தவணை எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. நிலத்தை அடமானம் வைத்த கடனுக்கும், கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்ட கடனுக்கும் பன்னிரண்டு வருஷம் உண்டு. தவணை கடந்து வந்த வழக்கை, பிரதிவாதி அதைச் சுட்டிக்காட்டாவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே தள்ளிவிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. இது கொடுத்தவருக்கு இழைக்கும் அநீதியன்று. ரசீது செல்லரித்து, சாட்சிக் கையெழுத்திட்டவர் மறைந்து, 'அந்தப் பணத்தை அன்றே தீர்த்துவிட்டேன்' என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரும் போய்ச் சேர்ந்தபின், உண்மையைக் கண்டறிய எந்த நீதிபதிக்கும் வழியில்லை.

ஆயினும், காலாவதியால் அழிவது வழக்காடும் உரிமையேயன்றிக் கடனன்று. வசூலுக்கு வருகிறவர் இந்த நுட்பத்தை நன்கு அறிந்தவர். 'இப்போதைக்கு ஆயிரம் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் குழைவதன் காரணம் பெரும்பாலும் தயை அல்ல, ஒரு கையெழுத்து. தவணைக்குள் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாகப் பிறக்கிறது. தவணை கடந்தபின் பணம் மட்டும் கொடுப்பதால் பழைய கடன் உயிர்பெறுவதில்லை. ஆனால் 'இதைத் தருகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டால், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாக்கிவிடுகிறது. ஆகவே, மூலப் பத்திரத்தையும் கணக்கையும், கடன் கைமாறியிருந்தால் அதற்குரிய ஆவணத்தையும் கண்ணால் காணாமல் எதிலும் கையெழுத்திடலாகாது. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தாலோ, காலாவதியான விஷயந்தானே என்று வீட்டிலிருந்துவிடாமல், ஆஜராகிப் பதில் சொல்ல வேண்டும்.

பிதாவின் கடனைத் தீர்ப்பது புத்திரனின் தர்மம் என்ற சாஸ்திர நியதியை ஆதாரமாக்கி மகன்மீது வழக்காடும் வழியை, 2005ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தம், அதற்குப்பின் வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை அடைத்துவிட்டது. தகப்பன் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே அவனுக்குப் பொறுப்பு. வங்கிகளின் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்றும், கடன்பட்டவரை மிரட்டவோ பிறரறிய அவமானப்படுத்தவோ கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது.

வாங்கியதை ஏமாற்றச் சொல்லிக்கொடுப்பதா ஒரு பத்திரிகையின் வேலை என்று சிலர் சினக்கக்கூடும். கடனுக்கு எல்லை வகுப்பது நமக்குப் புதிதன்று. வட்டி அசலை மிஞ்சலாகாது என்பது தர்மசாஸ்திரங்களிலேயே கண்ட நியாயம். ராஜாஜியின் மந்திரிசபை 1938இல் இயற்றிய சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் விவசாயி பட்ட கடனில் நிலுவையாய் நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்ததோடு, அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகவும் விதித்தது. அச்சட்டம் கொணர்ந்தவர்களை, கடன்காரரை ஏமாற்றக் கற்பித்தவர்கள் என்று எவரும் சொல்லத் துணியார்.

அசலை வாங்கியதும் திருப்பித் தராததும் மெய்யென்று மனச்சாட்சி சொல்லுமாயின், எத்தனை வருஷமானாலும் கொடுத்துத் தீர்ப்பதே மேன்மை. அந்த முடிவு பயத்தினால் வராமல் நம் சுயசிந்தனையால் வர வேண்டும் என்பதே நாம் சொல்வது. அப்படித் தீர்க்கும் நாளில், கொடுத்தவர் மனம் புண்படுமே என்று தயங்காமல், ரசீதோடு புரோநோட்டையும் கேட்டு வாங்கி அவ்விடத்திலேயே கிழித்துவிட வேண்டும். நம் தகப்பனாரும் ஒருகால் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். காகிதத்தைத் திருப்பிக் கேட்கத்தான் கூச்சப்பட்டிருப்பார்.