ஒத்திசைவற்றதா? விட்டுத்தொடர்வதா?

பிழைபட்ட ஒரு சொல், கற்க வந்த மாணாக்கரை வாயிற்படியிலேயே வழிமாற்றி அனுப்பிவிடும். ‘பைத்தன்’ என்னும் கணிப்பொறி மொழியில் ‘அசிங்க்’ என்ற குறிச்சொல்லை முன்னிட்டு எழுதப்பெறும் நிரல்முறையைத் தமிழில் ‘ஒத்திசைவற்ற நிரலாக்கம்’ என்று சிலர் எழுதி வருகின்றனர். (அக்குறிச்சொல் நம் செவியில் எவ்வாறு விழுகின்றதென்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. வகுப்பில் அதனை ஒலித்த அன்று, சிரிப்படங்கவே ஐந்து மணித்துளி ஆயிற்று.) ஒத்திசைவு என்பது நல்லிணக்கம். அஃது அற்றதெனின் முரண்பட்டது, தாறுமாறானது என்றே தமிழறிந்தார் எவரும் பொருள் கொள்வர். அந்நிரல்முறையோ, தன்னுள் அடங்கிய கூறுகள் ஒன்றற்கொன்று இடம்விட்டு இணங்கினாலன்றிச் செவ்வனே இயங்காது. பொருளுக்கு நேர்மாறான பெயரைச் சூட்டிவிட்டு, பிள்ளைகட்கு விளங்கவில்லையே என்று வருந்துவதிற் பயன் யாது?

அச்சொல்லின் கிரேக்க மூலத்தில் இசை என்பதே இல்லை. ‘உடனேரத்ததன்று’ என்னும் அளவிலேயே அதன் பொருள் நின்றுவிடுகின்றது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் புகுந்தோர் பொருளைப் பாராது போயினர்.

பொருளை யாம் பார்ப்போம். யான் எழுத்தறிந்தது ஓர் ஓராசிரியர் பள்ளியில். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர். முதல் வகுப்பினர்க்கு ‘அ, ஆ’ எழுதப் பணித்துவிட்டு, அவர்கள் எழுதி முடிக்கும் வரை அவர் அங்கே நிற்கமாட்டார். இரண்டாம் வகுப்பிற்குக் கணக்குக் கொடுப்பார். மூன்றாம் வகுப்பிற் செய்யுள் ஒப்புவிக்கக் கேட்பார். ‘எழுதிவிட்டோம் ஐயா’ என்று முதல் வகுப்பிலிருந்து குரல் எழும்பின், விட்ட இடத்திலிருந்து அங்கே தொடர்வார். ஆசிரியர் ஒருவரே, ஒரு நேரத்தில் அவர் செய்தது ஒரு வேலையே. ஆயினும் ஐந்து வகுப்பும் நடந்தன. எழுதியது பிள்ளைகளின் கை. அக்கை எழுதும் நேரத்தை அவர் வீணாக்கவில்லை. அவ்வளவுதான்.

பைத்தனின் நிகழ்வுச் சுழல் என்பது அவ்வாசிரியரே. ‘அவெயிட்’ என்னும் குறிச்சொல்லை ‘காத்திரு’ என்று மட்டும் கற்பித்தால் அது பாதிப் பொருளே. ‘யான் இங்குக் காத்திருக்கின்றேன், நீவிர் ஏனையோரைப் பார்த்து வருக’ என்பதே அதன் முழுப்பொருள். இந்தப் பிற்பாதியைச் சொல்லாத ஆசிரியர் எதனையும் கற்பிக்கவில்லை என்பது என் துணிபு.

இம்முறை நேற்று முளைத்ததன்று. இடையில் நின்று பின் தொடரும் செயற்கூற்றிற்கு மெல்வின் கான்வே என்பார் 1958-இலேயே பெயரிட்டு, 1963-இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். கைடோ வான் உரோசம் என்னும் தச்சு நாட்டார் 1991-இல் வெளியிட்ட பைத்தன் மொழியில், 2014-இல் வந்த 3.4-ஆம் பதிப்பில் இதற்கென ‘அசிங்க்கியோ’ என்னும் நூலகம் சேர்ந்தது. 2015-இன் 3.5-ஆம் பதிப்பில் ‘அசிங்க்’, ‘அவெயிட்’ என்னும் இரு குறிச்சொற்களும் இலக்கணத்தில் இடம்பெற்றன.

இதனை யான் எவ்வாறு கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். என் பிழைகள் பிறர்க்கு உதவலாம். ஒரு சொற்பட்டி தொகுப்பதற்காக, இணையத்திலுள்ள ஓர் அகரமுதலியினின்று 300 சொற்கட்குப் பொருள் வருவிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் விடை வர ஏறத்தாழ ஒரு நொடி. ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்டால் 300 நொடி. என் பழைய மாணாக்கர் ஒருவர், இன்று நிரல் எழுதிப் பிழைப்பவர், ‘ஐயா, விடை வரும் வரை பொறி சும்மா இருக்கின்றதே’ என்றார். அவரே எனக்கு ஆசிரியரானார்.

முதற்கண் செயற்கூற்றின் முன் ‘அசிங்க்’ என்று எழுதி, வழக்கம்போல் அழைத்தேன். ஒன்றும் நிகழவில்லை. அவ்வாறு அழைத்தால் அஃது ஓடாது. ஓடுதற்கு அணியமான ஒரு பொருளை மட்டும் கையிற் கொடுத்துவிட்டு நிற்கும். ‘இது காத்திருக்கப்படவே இல்லை’ என்று பைத்தன் என்னைக் கடிந்தது. பின்னர் ஒவ்வோர் அழைப்பின் முன்னும் ‘அவெயிட்’ சேர்த்துச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாய் அனுப்பினேன். நிரல் ஓடிற்று, ஆனால் 300 நொடி 300 நொடியாகவே இருந்தது. பலர் மனமுடைந்து கைவிடுவது இவ்விடத்தில்தான். ஏன் குறையவில்லை? ஏனையோரைப் பார்த்து வருக என்று சொன்னேன்; பார்ப்பதற்கு ஏனையோர் எவரும் இல்லை! முதல் விடை வந்த பின்னரன்றோ இரண்டாம் வினாவையே தொடங்கினேன். ஒரே வகுப்புள்ள பள்ளியில் ஆசிரியர் எங்கே சுற்றுவார்?

‘கேதர்’ என்னும் செயற்கூற்றால் முந்நூற்றையும் ஒருங்கே தொடங்கினேன். அப்பொழுதும் குறையவில்லை. இம்முறை குற்றம் வேறு. வினாவை அனுப்ப யான் கையாண்டது ‘இரிக்குவெசுட்சு’ என்னும் பழைய நூலகம். அது விடை வரும் வரை இடம் விடாது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதி முடிக்கும் வரை ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது போன்றது. ஒருவன் பிடித்தால் ஐந்து வகுப்பும் நின்றுபோம். ‘தைம்’ நூலகத்தின் ‘சிலீப்’ வேறு, ‘அசிங்க்கியோ’வின் ‘சிலீப்’ வேறு என்பதும் இதுவே: முன்னது பள்ளியையே உறங்க வைக்கும், பின்னது ஒரு வகுப்பை மட்டும் ஓய வைக்கும். பெயரளவில் ‘அசிங்க்’ என்றெழுதி, உள்ளே இடம் விடாத கூற்றை வைப்பது, நெற்றியில் தமிழ் என்றெழுதிவிட்டு வீட்டில் ஆங்கிலம் பேசுவது போன்றதே.

இடம்விடும் இயல்புள்ள ‘ஏஐஓஎச்டிடிபி’ நூலகத்திற்கு மாறினேன். முந்நூறு வினாவும் ஒரே வேளையிற் பாய, எதிரிலிருந்த வழங்கி பலவற்றை மறுத்துவிட்டது. அதன்மேற் குற்றமில்லை, ஒரே நேரத்தில் ஊரே திரண்டு ஒருவன் வாயிலைத் தட்டினால் அவன் என்செய்வான்? ஒரு வேளையிற் பத்திற்கு மேற்படாதவாறு ‘செமாபோர்’ என்னும் வாயிற்காவலை வைத்த பின்னரே, ஏறத்தாழ 30 நொடியில் வேலை முடிந்தது. விடைகள் எம்முறையில் வந்து சேரினும், ‘கேதர்’ அவற்றை யான் கொடுத்த வரிசையிலேயே திருப்பித் தந்தமையால் அகரவரிசை குலையவில்லை. ஒரு புலவனுக்கு அஃது எத்துணை ஆறுதல்!

இதனை விரைவு தரும் மந்திரம்போற் போற்றுவாரும் உளர். அவர்கள் சொல்லை நம்பற்க. காத்திருப்பு உள்ளவிடத்தே இது காலத்தை மிச்சப்படுத்தும். பொறியே இடைவிடாது கணக்கிட வேண்டியவிடத்து ஒரு நொடியும் மிஞ்சாது. கட்டுக்கட்டாய் விடைத்தாள் திருத்த வேண்டிய ஆசிரியர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் தாள் திருந்துமா? அதற்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும்; பைத்தனில் தனிச்செயல்முறையைத் தொடங்க வேண்டும். கற்கப் புகுவார் முதலில் இயல்பான நிரலை, மேலிருந்து கீழாக ஓடுவதை, நன்கு எழுதப் பழகட்டும். தம் நிரல் எங்கே வாளா காத்திருக்கின்றதென்று கடிகாரம் வைத்துப் பார்க்கட்டும். அத்தகைய இடம் இல்லையெனின் இதனைத் தொடவே வேண்டா. 2022-இன் 3.11-ஆம் பதிப்பில் வந்த பணிக்குழு முறை, ஒரு பணி பிழைபட்டால் ஏனையவற்றையும் நிறுத்தித் தருவதால், ‘கேதர்’ பழகியபின் அதனைக் கற்பது நன்று.

பெயருக்கு மீள்வோம். இடையில் விட்டு, விட்ட இடத்திலேயே தொடரும் கூற்றை ‘விட்டுத்தொடர் கூறு’ என்றும், அத்தகைய கூறுகளால் அமையும் முறையை ‘விட்டுத்தொடர் நிரலாக்கம்’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. இவ்வாண்டு என் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தேன். ‘விட்டது யார், தொடர்வது எப்பொழுது?’ என்று பிள்ளைகளே வினவத் தொடங்கினர். ‘ஒத்திசைவற்ற’ என்று சொல்லிவந்த முன்னாண்டில் அவ்வினா எழவே இல்லை. சொல் சற்று நீளம் என்பதை ஒப்புகின்றேன். குறுகிய, இதனினும் பொருந்திய சொல்லை எவரேனும் காட்டின், என் சொல்லை விட்டு அதனைத் தொடர எனக்குத் தடையில்லை.