டிவி பைத்தியம் என்று திட்டு வாங்குபவர்களுக்கு

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த சில வாரங்களில் ஒரு புகார் எழும். "படிப்புக்கு, வேலைக்கு என்று சொல்லி வாங்கினாய், இப்போது பாதி நேரம் அதில் சீரியல்தான் ஓடுகிறது" என்பதே அது. ஒரே தொடரை மூன்றாவது முறையாகப் பார்ப்பவர், எல்லா எபிசோட்களுக்கும் பட்டியல் போட்டு வைத்திருப்பவர், எந்தக் காட்சியில் எந்த நடிகர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று சொல்லக் கூடியவர் என இவர்கள் அனைவருக்கும் வீட்டில் கிடைக்கும் பட்டம் ஒன்றுதான்: பைத்தியம்.

சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கும் இந்தப் பட்டம் உண்டு. அதனைச் சந்தோஷமாகவே ஏற்றுக் கொள்கிறேன். ஏனென்றால், ரசிகனாக இருப்பதில் பார்ப்பது பாதி சந்தோஷம்தான். பார்த்ததற்காக ஏதேனும் ஒன்றைச் செய்வதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. பிறர் வெட்டி வேலை என்று நினைக்கும் அந்த மீதிப் பாதி, சில நேரங்களில் பெரிய நிறுவனங்களால் முடியாததையும் செய்து விடுகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பிரிட்டனின் பி.பி.சி. தயாரித்த "டாக்டர் ஹூ" என்ற தொடர்.

அழிக்கப்பட்ட எபிசோட்கள்

நீல நிறத்தில் ஒரு பழைய போலீஸ் பெட்டி. அதுதான் காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் வாகனம். அதில் பயணம் செய்யும் டாக்டர் என்பவரின் கதைதான் இத்தொடர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1969 வரையிலான முதல் ஆறு ஆண்டுகளில் 253 எபிசோட்கள் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பாகின.

அக்காலத்தில் வீடியோ டேப் மிகவும் விலை உயர்ந்தது. ஒரு முறை பதிந்ததை அழித்து விட்டு மீண்டும் அதிலேயே பதியலாம். நடிகர்களுடன் செய்து கொண்ட ஒப்பந்தங்களால், பழைய நிகழ்ச்சிகளை நினைத்த போதெல்லாம் மறு ஒளிபரப்பு செய்யவும் முடியாது. வீட்டில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் வசதியும் வரவில்லை. எனவே, இவற்றை வைத்திருந்து என்ன பயன் என்று பி.பி.சி. நினைத்தது. 1967 முதல் 1978 வரை பல டேப்கள் அழிக்கப்பட்டன. பிலிம் பிரதிகள் பலவும் குப்பைக்குச் சென்றன.

இதில் யாரையும் வில்லனாகப் பார்க்க வேண்டியதில்லை. இடம் இல்லை என்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பைல்களை நாம் டெலீட் செய்வதில்லையா? அது போலத்தான். ஆனால், டெலீட் செய்தவர்களுக்கு அது பழைய டேப். பார்த்தவர்களுக்கு அது வேறு.

டேப் ரிகார்டர் வைத்திருந்தவர்கள்

பி.பி.சி. டேப்களை அழிக்கத் தொடங்கும் முன்பே, சில இளம் ரசிகர்கள் தங்கள் வீடுகளில் ஒரு வேலை செய்து வந்தனர். படத்தைப் பதிவு செய்ய அவர்களிடம் சாதனம் இல்லை. டேப் ரிகார்டர் இருந்தது. எனவே டிவியின் முன்னால் மைக்கை வைத்து, ஒவ்வொரு எபிசோடின் ஒலியையும் பதிந்து வைத்தனர். மைக் வைத்தால் வீட்டில் பேசுவதும் இருமுவதும் சேர்ந்து பதிவாகி விடும். இதற்காகவே ஒரு ரசிகர், டிவியின் உள்ளிருந்து ஒயர் எடுத்து ரிகார்டருடன் நேரடியாக இணைத்தார். அவருடைய பதிவுகள் வியக்கத்தக்க அளவில் தெளிவாக உள்ளன.

யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்றும் அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பிடித்த கதையை மீண்டும் ஒரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். அதன் பலன் என்ன தெரியுமா? படம் தொலைந்த எபிசோட்கள் பல உண்டு. ஒலி தொலைந்த எபிசோட் ஒன்று கூட இல்லை.

வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு விற்கப்பட்ட பிலிம் பிரதிகளைத் தேடியும் பலர் அலைந்தனர். 1991இல் ஹாங்காங்கில் நான்கு எபிசோட் கொண்ட ஒரு முழுக் கதை கிடைத்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது எபிசோட்கள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. அதுவரை 106 ஆக இருந்த தொலைந்த எபிசோட்களின் எண்ணிக்கை அத்துடன் 97 ஆகக் குறைந்தது.

கிடைக்காதவற்றிற்கும் ஒரு வழி பிறந்தது. 2006இல் "தி இன்வேஷன்" என்ற கதையின் தொலைந்த இரண்டு எபிசோட்கள் அனிமேஷனாக வெளிவந்தன. 2016இல் "தி பவர் ஆப் த டாலெக்ஸ்" கதையின் ஆறு எபிசோட்களும் அதே முறையில் வந்தன. படம் கம்ப்யூட்டரில் வரைந்தது. குரலோ 1960களில் ரசிகர்கள் பதிந்தது. அந்த டேப்கள் இல்லையென்றால் அனிமேஷனும் இல்லை.

நிறம் திரும்பிய கதை

இன்னொரு நிகழ்வு, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு மிகவும் பிடிக்கும். 1971இல் வண்ணத்தில் ஒளிபரப்பான "தி டீமன்ஸ்" கதையின் ஐந்து எபிசோட்களில் நான்கு, கறுப்பு வெள்ளை பிலிமாக மட்டுமே மிஞ்சின. ஆனால் அமெரிக்காவில் ஒளிபரப்பான போது ஒருவர் அதனை வண்ணத்தில் வீட்டு வீடியோ டேப்பில் பதிந்து வைத்திருந்தார். அந்த டேப்பில் படம் மங்கல். பிலிமில் படம் தெளிவு. ஆனால் நிறம் இல்லை. எனவே டேப்பிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்து, பிலிமின் மேல் பொருத்தினர். 1992இல் அது மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பானது.

மங்கலான நிறம் எப்படிச் சரிப்பட்டது? நம் கண்கள் வெளிச்சத்தில் உள்ள வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவாகக் கவனிக்காது. நீங்கள் கம்ப்யூட்டரில் சேமிக்கும் ஜேபெக் போட்டோக்கள் குறைவான இடம் பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். அவற்றிலும் நிறத் தகவல் பெரும்பாலும் குறைத்தே பதியப்படுகிறது. பிடித்த தொடரைப் பற்றித் தேடப் போய், இமேஜ் பைல் எப்படி இயங்குகிறது என்பதை நான் கற்றுக் கொண்டது இப்படித்தான். கல்லூரிப் பாடம் மறந்து விட்டது, இது மறக்கவில்லை.

பார்த்தவர்களே படைத்தவர்கள்

1989இல் தொடர் நிறுத்தப்பட்டது. 1996இல் வந்த ஒரு டிவி படத்தைத் தவிர, 2005 வரை திரையில் புதிய தொடர் இல்லை. அந்த இடைவெளியில் ரசிகர்கள் நாவல் எழுதினர், ஒலி நாடகம் தயாரித்தனர். அப்படி 1996இல் ஒரு நாவல் எழுதிய ரஸ்ஸல் டி. டேவிஸ்தான் 2005இல் தொடரை மீண்டும் கொண்டு வந்தார். 1974இல், பள்ளி மாணவராக இருந்த போது இத்தொடர் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பீட்டர் கபால்டி, 2013இல் டாக்டர் வேடத்திற்குத் தேர்வானார். 1986இல் ரசிகர் மன்றத்தின் சார்பில் டிவியில் தோன்றி, கதை சரியில்லை என்று குறை சொன்ன பதினாறு வயதுப் பையன் கிறிஸ் சிப்னல், 2018 முதல் ஒளிபரப்பான எபிசோட்களுக்குத் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். குறை சொல்வது எளிது, செய்து பார் என்பார்கள். இவர் செய்தே பார்த்தார்.

எல்லா ரசிகர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தனக்குப் பிடிக்காததைப் பிறர் ரசித்தால் சண்டைக்குப் போகிறவர்களும், முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பவர்களும் இருக்கத்தான் செய்கின்றனர். தூக்கத்தையும் தேர்வையும் விட்டு விட்டுப் பார்ப்பதும் ரசனை ஆகாது. வீட்டில் சொல்லும் புகாரில் அந்த அளவிற்கு நியாயம் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்குப் பிடித்தது எதுவாக இருந்தாலும் சரி, சிறியதாகத் தொடங்குங்கள். எபிசோட் பெயர், தேதி, எழுதியவர், நடித்தவர் என்று எக்ஸெல் போன்ற ஒரு புரோகிராமில் பட்டியல் போடுங்கள். ஒரே மாதத்தில் ஸார்ட், பில்டர் இரண்டும் கைவந்து விடும். வீட்டில் பழைய ஆடியோ கேசட்கள் இருந்தால், பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் பதியலாம். லேப்டாப்பில் லைன் இன் இல்லையென்றால், அந்த வசதி கொண்ட யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் தேவைப்படும். மூலப் பதிவை வேவ் பைலாக வைத்துக் கொண்டு, கேட்பதற்கு எம்பி3 பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். பைல் பெயரில் நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் இருக்கட்டும். இன்னொரு பிரதியைத் தனி டிஸ்க்கில் வையுங்கள். இவை உங்கள் சொந்தப் பயனுக்கு மட்டுமே. விற்பதற்கோ பரப்புவதற்கோ அல்ல.

எது பிற்காலத்தில் தேவைப்படும் என்று 1960களில் பி.பி.சி.க்கே தெரியவில்லை. நமக்கும் தெரியாது. பிடித்தது என்ற ஒரே காரணத்திற்காக ஒருவர் எடுத்து வைத்தது, பின்னால் பலருக்குக் கிடைத்தது. எனவே, அடுத்த முறை யாராவது பைத்தியம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். சிரித்து விட்டு, பைலை சேவ் செய்திடுங்கள்.