மீள்வது விதியே, எண் அன்று

ஒரு கலைச்சொல் பொருளை விளக்கவேண்டும்; அன்றேல், மறைக்காமலேனும் இருத்தல் வேண்டும். கணிதத்தில் ‘மீள்வரு தொடர்பு’ என வழங்குவது இவ்விரண்டில் ஒன்றையும் பல மாணவர்க்குச் செய்வதில்லை என்பது எனது கருத்து.

இக்குறையில் எனக்கும் பங்குண்டு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969ஆம் ஆண்டில் தோன்றிய இம்மைசூரு நகரில், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு பாடப் பகுதியைத் தமிழாக்கியபோது இதனைச் ‘சுழல் தொடர்பு’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர், “ஒன்றை மூன்றால் வகுத்தால் 3 என்னும் இலக்கம் மீண்டும் மீண்டும் வருகிறதே, அதுபோன்றதா?” என்று வினவினார். என் பிழை அப்போதே விளங்கிற்று. அங்கு மீள்வது இலக்கம். இங்கு மீள்வது விதி. முன்வந்த எண்களிலிருந்து அடுத்த எண்ணைப் பெறும் விதி ஒவ்வொரு படியிலும் மாறாது வருகிறது; எண்கள் மாறிச் செல்கின்றன. ஆகவே ‘மீள்விதி’ என்பதே தக்க சொல் எனக் கருதுகிறேன்.

தமிழ் மாணவர்க்கு இதனைக் காட்டப் புதிய கருவி எதுவும் வேண்டா. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மெய்யை விலக்கி, இவ்விரண்டைக் கொண்டு 4 மாத்திரையை எத்தனை வகையாக நிரப்பலாம்? இறுதி எழுத்து குறிலாயின் அதற்கு முன் 3 மாத்திரை நிற்கும். நெடிலாயின் 2 நிற்கும். முன்னதற்குரிய 3 வகைகளையும் பின்னதற்குரிய 2 வகைகளையும் கூட்ட 5 ஆகும். பின்னர் 8, 13, 21 என வளரும். வடமொழி யாப்பில் இக்கணக்கை ஹேமசந்திரர் 1150ஆம் ஆண்டையொட்டிக் கூறினார். இத்தாலியரான பிபொனாச்சியின் நூல் 1202இல்தான் வெளிவந்தது.

நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய ‘கணித கௌமுதி’யில் ஒரு பசுக் கணக்கு உண்டு. பசு ஆண்டுதோறும் ஒரு கன்று ஈனும். கன்று மூன்று வயதில் ஈனத் தொடங்கும். 20 ஆண்டில் மந்தை எவ்வளவு? யாவும் கிடாரிகள் என்றும், எதுவும் இறப்பதில்லை என்றும் கொள்க. மூன்றாண்டுக்கு முன் இருந்தவை அனைத்தும் இவ்வாண்டு ஈனும். எனவே சென்ற ஆண்டின் தொகையோடு மூன்றாண்டுக்கு முந்திய தொகையைக் கூட்டினால் போதும். 1, 2, 3, 4, 6, 9, 13 என நடந்து, தாய்ப்பசு உட்பட 2745 ஆகும்.

விதியை அறிதல் ஒன்று, தீர்த்தல் மற்றொன்று. இடைப்படிகளைக் கடவாமலே வேண்டிய படியின் மதிப்பைக் காண்பதே தீர்த்தல். களப்பணியாளர் நன்கறிந்த கடன் கணக்கையே கொள்வோம். கடன் ரூ. 1000, மாத வட்டி நூற்றுக்கு 1, தவணை ரூ. 100. பாக்கி 910, பின் 819.10 எனக் குறையும். கடன் ரூ. 10,000 ஆயின் வட்டியும் தவணையும் சமமாகி, பாக்கி அசையாது நிற்கும். அந்நிலைக்கும் நம் கடனுக்கும் உள்ள இடைவெளி 9000. இவ்விடைவெளியே மாதந்தோறும் 1.01 மடங்காகப் பெருகும். பத்து மாதப் பெருக்கத்தை 10,000இலிருந்து கழிக்க, ஏறத்தாழ ரூ. 58 நிற்கும், 11ஆம் தவணையில் கடன் தீரும்.

வகுப்பில் வாய்பாட்டை முதலில் எழுதி, மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் மாறவேண்டும். முதலில் கையால் எண்ணுக. அடுத்து விதியைத் தமிழ் வாக்கியமாகச் சொல்லுக. வாய்பாடு இறுதியில் வருக. இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மேற்கூறிய ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு மாதம் ரூ. 10 மட்டும் செலுத்துபவன் ஆயுள் முழுவதும் செலுத்தினும் அசலில் ஒரு காசும் குறையாது. இதனை ஒரு குடியானவனுக்கு எடுத்துக்காட்ட வல்லவரே மீள்விதியை உண்மையில் கற்றவராவர்.