ஜன்னலைச் சாத்துங்க, ஸார்!

லிஸ்பனில் கடைக் கதவுகளில் ஒரு வார்த்தை எழுதியிருப்பார்கள். வாசித்தால் 'புஷ்' என்று வரும். முதல் வாரம் முழுக்க நான் பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்த பாட்டி பரிதாபப்பட்டுத் திறந்துவிட்டாள். போர்த்துக்கீசிய 'புஷ்'ஷுக்கு அர்த்தம்: இழு!

மனைவிக்கு ஆபீஸில் ஆறு மாச டெபுடேஷன். "எழுதற ஆளுதானே, எங்கே உட்கார்ந்தாலும் எழுதலாமே" என்று லக்கேஜோடு என்னையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பயப்படாதே, பாதி பாஷை நமக்கு ஏற்கெனவே தெரியும்" என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். பொய்யில்லை. சாவிக்கு இங்கே 'ஷாவ்'. ஜன்னலுக்கு 'ஜனேலா'. அலமாரிக்கு 'அர்மாரியு'. பொத்தானுக்கு 'புதாவுங்'. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மிளகை அள்ளிக்கொண்டு, பதிலுக்கு இந்த வார்த்தைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். 1554-ல் இதே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்து ஒரு ஜெபப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். நான் அதைத் திருப்பிச் செய்தேன். போர்த்துக்கீசியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

'நவுங் ஃபுன்ஸியோனா' - வேலை செய்யலை. (வீட்டில் எந்தச் சாமானுக்கும் பொருந்தும். மனைவி என்னைச் சுட்டிக்காட்டியும் ஒருமுறை உபயோகித்தாள்.)

'ஷ்டோ ஸெய்ங் இன்டர்நெட்' - நெட் இல்லை.

'டெவகார், போர் ஃபவோர்' - மெதுவா சொல்லுங்க, ப்ளீஸ்.

பாஸ்வேர்டுக்கு 'ஸேன்யா' என்று மனப்பாடம் செய்து ஒரு கடையில் கேட்டேன். வாசலில் நின்றவர் மரியாதையாக ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். நம்பர் 84. அப்புறம்தான் தெரிந்தது, நான் படித்தது பிரேஸில் போர்த்துக்கீசியம் என்று. இங்கே ஸேன்யா என்றால் க்யூ டோக்கன். பாஸ்வேர்டுக்கு 'பலாவ்ரா பாஸ்'!

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

மறுநாள் காலை கும்பகோணத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இங்கே அப்போது மத்தியானம் மூன்றரை. மணி மூன்று இருபதுக்கு நெட் போய்விட்டது. ரௌட்டரில் சிவப்பு விளக்கு கண்ணடிக்கிறது. மொபைல் டேட்டா காலி. இந்தியாவுக்குப் போன் போட பேலன்ஸும் இல்லை. மனைவி மீட்டிங்கில்.

கஸ்டமர் கேர் பெண்ணிடம் ஃப்ரிட்ஜைப் பார்த்து ஒப்பித்தேன். அவள் பொறுமையாக "டெஷ்லீக்" என்றாள். 'டெஷ்லிகார்' என்றால் போனை வைப்பது என்று படித்திருந்தேன். வைத்துவிட்டேன்! அவள் கூப்பிடுவாள் என்று பத்து நிமிஷம் காத்திருந்தேன். ஸ்விட்சை அணைப்பதற்கும் அதே வார்த்தைதானாம். ரௌட்டரை அணைக்கச் சொன்னவளிடம் போனை அணைத்திருக்கிறேன்.

மறுபடி போட்டேன். நல்லவேளை, அதே குரல். லாப்டாப்பில் என்னவோ திறக்கச் சொன்னாள், திறந்தேன். பிறகு "ஃபேஷ் அ ஜனேலா" என்றாள். ஆஹா, ஜன்னல்! இது நம்ம வார்த்தையாச்சே! ஓடிப்போய் ஹால் ஜன்னலைச் சாத்திவிட்டு, பெட்ரூமிலும் ஒன்று திறந்திருந்தது, அதையும் சாத்திவிட்டு வந்து, மூச்சிரைக்க ரெடி என்றேன். கம்ப்யூட்டர் திரையில் திறந்திருந்த ஜன்னலை மூடச் சொல்லியிருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை, ஸார். ஒரு கணம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. மெட்ராஸில் எங்கள் வீட்டு ஏ.ஸி.யைப் பார்க்க பீகாரிலிருந்து வந்த பையன் ஒருத்தன், "தண்ணி ரோடு அடைப்பு, ஸார்" என்றான். பைப் என்று சொல்லத் தெரியவில்லை. ஏ.ஸி.யைக் கச்சிதமாக ரிப்பேர் செய்துவிட்டுத்தான் போனான். அவன் படி இறங்கியதும் அதே மாதிரி பேசிக் காட்டி நண்பர்களிடம் கைதட்டல் வாங்கினேன். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

சிவப்பு விளக்கு போகவே இல்லை. மணி மூன்றே முக்கால். வெட்கத்தை விட்டு எதிர் வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டி, "ஷ்டோ ஸெய்ங் இன்டர்நெட்" என்றேன். வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரௌட்டரின் முதுகைப் பார்த்தாள். மெல்லிசாக ஒரு கேபிள். கட்டை விரலால் ஒரு அழுத்து. க்ளிக்! இரண்டு நிமிஷத்தில் பச்சை.

காலையில் அந்த அலமாரியைத் தூசி தட்டியது அடியேன்தான். பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வார்த்தையும் தெரியாது. 'ஒப்ரிகாது' என்று நாலு தடவை நன்றி சொன்னேன்.

அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கேடா போயிட்டே? நாளைக்குக் கண்ணைக் கட்டிடுவாங்களே, அதுக்குள்ளே உன் மூஞ்சியைப் பார்த்துடலாம்னு இருக்கேன்."

"ஜன்னலைச் சாத்தப் போனேம்மா."

"சாத்திட்டியா? குளிர்ல நிக்காதே" என்றாள்.